மாத்திரையைக் குறைத்தபோது வந்த ஆத்தா

1

நேற்று காலை கிளினிக்கிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். இந்த நாட்டில் பேட்டைக்குப் பேட்டை ஒரு சின்ன கிளினிக் உண்டு. அங்கே பெயரைப் பதிந்துவிட்டால் சளிக்கும் அவர்கள்தான், சாவுக்கும் அவர்கள்தான். நினைத்த நேரத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் வாங்க முடியாது. அவர்களாக அழைப்பார்கள். அதுவும் எப்போது என்று சொல்லமாட்டார்கள். "காலை எட்டிலிருந்து பகல் ஒன்றுக்குள்" என்பார்கள். நான் ஐந்து மணி நேரம் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குளிக்கப் போகாமல், வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பேசிய நர்ஸ் நல்ல பெண். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். மாத்திரையின் அளவை மாற்றிய நாட்களில் தலைசுற்றல் இருந்ததா? வியர்வை? வாந்தி வருகிற உணர்வு? தூக்கம் கெட்டதா? வழக்கத்துக்கு மாறான அனுபவம் ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்வி வந்ததும் கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "தலைசுற்றல் இருந்தது" என்றேன். "வேறு?" என்றார். "வேறு ஒன்றும் இல்லை" என்றேன்.

முழுப் பொய். ஒலக்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தெருவில், பட்டப்பகலில், கையில் வேப்பிலையோடு நான் சாமி ஆடிவிட்டு வந்திருக்கிறேன். இதை இங்கிலாந்து நர்சம்மாவிடம் எந்தச் சொல்லால் சொல்வது? சொன்னால் அந்த அம்மாள் பயந்துபோய் ஆம்புலன்ஸ் அனுப்பினாலும் அனுப்புவார். உங்களுக்குச் சாமி ஆடுவது தெரியும். மாத்திரை சமாசாரத்தை மட்டும் நான் சொன்னால் போதும்.

2

ஷெஃபீல்டுக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஒரு பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று திரையைப் பார்த்துக் கணக்குப் போடுவேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் "மயிலம், மயிலம், ஏறுப்பா ஏறு" என்று கத்துகிற கண்டக்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம். மனைவி சுமதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் ஒரு வார்த்தையில். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "யா." அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் எனக்கு ஒன்று வந்தது. அப்பா இறந்து, அதற்குப் போக முடியாமல் போய், எல்லாம் அடங்கின பிறகு வந்தது. அழுகைகூட இல்லை. காலையில் எழுந்தால் செருப்பு மாட்டுவதே மலையேறுகிற வேலையாக இருந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நிலா கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறக்க வேண்டும் என்று தெரிகிறது. கை போகவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் சிரித்துக்கொண்டு தட்டினாள், அப்புறம் சிரிக்காமல் தட்டினாள்.

அதன் பிறகுதான் டாக்டர், அதன் பிறகுதான் மாத்திரை. ஐம்பது மில்லிகிராமில் தொடங்கி நூறில் நின்றது. ஒன்றரை மாதத்தில் காப்பிக்கு மணம் திரும்பியது. இன்னும் கொஞ்ச நாளில் சுமதியிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். அவளே "அப்பாடா" என்றாள்.

ஊருக்குச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அங்கே என் அண்ணன் ஏழுமலை சர்க்கரை மாத்திரையைச் சோற்றுத் தட்டின் ஓரத்தில் அப்பளம் மாதிரி வைத்துக்கொண்டு ஊரே பார்க்க விழுங்குவான். "எனக்கு ஐந்நூறு, உனக்கு எவ்வளவு?" என்று டீக்கடையில் விசாரித்துக்கொள்வார்கள். சர்க்கரைக்கு அந்த மரியாதை. மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரை என்றால் ஒரே ஒரு பெயர்தான் அங்கே. அந்தப் பெயரோடு நான் பஸ் ஏற முடியாது.

3

இந்த வருடம் தை மாதத்தில் அண்ணன் போன் செய்தான்.

"சேகரு, துரோபதையம்மா கோயில் தீமிதிடா இந்த வருஷம். அப்பா இருந்த வரிக்கும் அவரு மிதிச்சாரு. எனக்கு சக்கரை, கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. நம்ம ஊட்லேந்து ஒரு ஆளாவது காப்பு கட்டணும். நீ வந்துடு."

"லீவு கேக்கணுமேண்ணா."

"லீவு கீவுன்னு பேஜாரு பண்ணாத. அப்பன் சாவுக்குத்தான் வரல. இதுக்காவது வா."

சரி என்றேன்.

சரி என்ற அன்றிலிருந்தே உள்ளுக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. காப்புக் கட்டினால் விரதம், ஒருவேளைச் சோறு, சுத்தபத்தம். அப்பா காப்புக் கட்டினால் தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டார். நான் மட்டும் தினம் காலையில் மூளைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு போய் ஆத்தா முன்னால் நிற்பதா? யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

டாக்டரிடம் மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை. "நன்றாக இருக்கிறீர்கள், குறைத்துப் பார்க்கலாம், ஆனால் மெதுவாக" என்றார். நூறிலிருந்து எழுபத்தைந்து, அங்கே ஒரு மாதம். பிறகு ஐம்பது, அங்கேயே நின்றுகொண்டு ஊருக்குப் போய் வாருங்கள், வந்ததும் பேசுவோம் என்பது அவர் போட்ட அட்டவணை. இறக்கும்போது தலைக்குள் சுரீரென்று மின்சாரம் மாதிரி அடிக்கலாம், எரிச்சல் வரலாம், கனவு கன்னாபின்னாவென்று வரலாம், பொறுக்க முடியாவிட்டால் உடனே கூப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

அட்டவணை போடுகிறவனுக்கே அட்டவணையா? எழுபத்தைந்து என்கிற நிறுத்தத்தை எடுத்துவிட்டேன். பாயின்ட் டு பாயின்ட் வண்டி மாதிரி நூறிலிருந்து நேரே ஐம்பது. சுமதிக்குச் சொல்லவில்லை. முதல் பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் எல்லாம் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று ஒரு திமிர்கூட வந்தது.

4

சுமதிக்கு லீவு இல்லை, நிலாவுக்குப் பரீட்சை. நான் மட்டும் போனேன். சென்னையிலிருந்து வந்த பஸ் திண்டிவனத்தில் இறக்கிவிட்டபோது கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கேதான் முதல் அடி விழுந்தது. பழக்கடைப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். தலைக்குள் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஒரு சுரீர். பழுதான சுவிட்சில் கை வைத்த மாதிரி. கீழே விழவில்லை, ஆனால் ஒரு நொடி உலகம் விட்டுவிட்டுத் தெரிந்தது. "இன்னா சார், ஒலக்கூரா? ஜல்தியா ஏறுங்க" என்று ஷேர் ஆட்டோக்காரர் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டில் கால் தரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். பேசுகிறவர்கள் மேலெல்லாம் கோபம் வந்தது. மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று அண்ணனிடம் கத்தினேன். அது பத்து வருடமாகக் கிறீச்சிடுகிற விசிறி. அதற்கடுத்த நிமிடமே, அஞ்சலை அண்ணி எனக்காகக் கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் கரைப்பதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இதெல்லாம் ஊர்ப் பாசம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். "பாவம், பொண்டாட்டி புள்ளய உட்டுட்டு வந்துக்கீறான்" என்று அண்ணியிடம் சொல்வது காதில் விழுந்தது.

மாத்திரையைப் பிரித்து ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்; பிரிக்காத ஒரு அட்டை மட்டும் பெட்டியின் அடியில் இருந்தது. அந்த டப்பா எவ்வளவு பெரிய மடத்தனம் என்று மறுநாள் காலை தெரிந்தது. கூடத்துக்கு வந்தால் அண்ணி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் இரண்டு மாத்திரையைக் கொட்டி வைத்திருக்கிறார்.

"அண்ணீ! அத தொடாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் வாசலில் இருந்த கோழி பறந்தது.

"ஃபாரின் சத்து மாத்திரதான? கை காலெல்லாம் அசதியா கீது, ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன். இதுக்குப் போயி இப்படி அடிச்சிகிறியே."

"அது ஆம்பளைங்களுக்கு அண்ணி" என்று உளறினேன்.

அண்ணி மாத்திரையை டப்பாவில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில், ஆம்பளைங்களுக்கான மாத்திரையை இவன் தனியாக வந்த இடத்தில் எதற்குச் சாப்பிடுகிறான் என்கிற கேள்வி இருந்தது. அன்று முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு கோர்த்த கயிறு வலது மணிக்கட்டில் ஏறியது. கட்டிவிட்டு, பூசாரி எல்லோருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னார்: "தீ மிதிச்சு அவுக்கற வரிக்கும் ஊரு எல்லைய தாண்டக் கூடாது. சுத்தமா இருக்கணும்." திண்டிவனம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கயிற்றோடு சேர்த்து என்னையும் ஊருக்குள் முளையடித்துக் கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்து அந்த ஐம்பதையும் நிறுத்தினேன். சுத்தமாக.

5

காப்புக் கட்டின ஐந்தாம் நாள் மத்தியானம் கரகம் தெருவுக்கு வந்தது. காப்புக் கட்டினவர்கள் எல்லாம் மஞ்சள் வேட்டியோடு முன்னால் நின்றோம். இரவு தூக்கமே இல்லை. தூங்கினாலும் கனவில் நிலா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சட்டையில்லாத முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. பம்பைக்காரர்கள் நேரே என் எதிரில் வந்து நின்று அடிக்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு அடிக்கும் தலைக்குள் ஒரு சுரீர். கண்ணைத் திருப்பினால் சுரீர், திருப்பாவிட்டாலும் சுரீர். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். பல் கிட்டிக்கொண்டதில் தண்ணீர் என்ற சொல் வரவில்லை, அலறல்தான் வந்தது. கால் தானாக முன்னும் பின்னும் போனது. கண்ணிலிருந்து கொட்டியது. ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவமானமாக இருந்தது, அதையும் மீறி அழுகை வந்தது.

"கோவிந்தா!" என்றது கூட்டம்.

"வந்துட்டாடா! சேகரு மேல ஆத்தா வந்துட்டா!"

யாரோ இடுப்பைப் பிடித்தார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பெருமையை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. அப்பன் சாவுக்கு வராத தம்பி மேல் ஆத்தாவே இறங்கிவிட்டாள் என்றால், ஊர் வாயை அடைக்க அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த முகத்துக்காகவே நான் "இது சாமி இல்லை" என்று சொல்லாமல் விட்டேன்.

பூசாரி கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் பிடித்தார். "தாயே, கோவமா கீறியா, சந்தோசமா கீறியா? வாக்கு சொல்லு." சனம் வரிசையாகக் கேட்கத் தொடங்கியது. ஒருவர், "கொல்லையில போரு போட்டா தண்ணி வருமா தாயே?" என்றார். அந்நேரம் பார்த்து ஒரு சுரீர், தலை ஆடியது. "வரும்னுட்டா!" என்று அவர் விழுந்து கும்பிட்டார். அவர் நிலத்தில் தண்ணீர் வந்ததா என்பதை இன்றுவரை அண்ணனிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

அப்போதுதான் கன்னியம்மா அக்கா வந்தார். தெருக்கோடி வீடு. கணவர் இல்லை. களை எடுப்பு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவது என்று கூலிக்குப் போய் ஒரே மகளை விழுப்புரத்தில் கல்லூரி வரை படிக்க வைத்தவர். தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"தாயே, எம் பொண்ணு நந்தினி விழுப்புரத்துல படிச்சிகினு இருந்தா. ரெண்டு மாசமா ஊட்லயே கெடக்கறா. பேசறதில்ல, துன்றதில்ல, செவுத்த பாத்துகினே படுத்துகினு இருக்கறா. விழுப்புரம் டாக்டரு மாத்திரை குடுத்துக்கீறாரு. அத போட்டா மயக்கமா வருதுன்றா. ஊரே பைத்தியக்கார மாத்திரைன்னு சொல்லுது. எப்படி தாயே அவள கட்டிக் குடுப்பேன்? மாத்திரைய நிறுத்திட்டு உன் கோயிலாண்டயே கொண்டாந்து போட்டுர்றேன். நிறுத்திடட்டுமா?"

பம்பை நின்றுவிட்டது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அக்காவின் பிடி என் கணுக்காலை இறுக்கியது. தெருக்கோடியில், வீட்டு வாசற்படியில், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அது நந்தினியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் சேகராகப் பேசினால் அக்கா கேட்கமாட்டார். சீமைக்குப் போனவனுக்கு என்ன தெரியும் என்பார். ஆத்தாவாகப் பேசினால் கேட்பார். ஆனால் அது பொய். ஆத்தாவின் பெயரில், காப்புக் கட்டின கையோடு சொல்கிற பொய். சும்மா இருந்துவிடலாம் என்றால், தலை இன்னொரு முறை ஆடிவிட்டால் போதும். அதையும் "நிறுத்தச் சொல்லிட்டா" என்று எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார். என் தலை என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. வாயாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துத் திறந்தேன்.

"நிறுத்தாத!"

குரல் கரகரவென்று எனக்கே அந்நியமாக இருந்தது.

"டாக்டரு சொல்லாம ஒரு மாத்திரகூட நிறுத்தாத. மயக்கமா வந்தா அவராண்டயே போயி சொல்லு. அளவ மாத்திக் குடுப்பாரு. திடீர்னு நிறுத்துனா தல வெட்டும், ஒடம்பு ஒதறும், நிறுத்தாத!"

பூசாரி திகைத்து நின்றார். எந்தச் சாமியும் இதுவரை அவரிடம் மாத்திரையின் அளவைப் பற்றிப் பேசியிருக்காது. ஆனால் அனுபவஸ்தர், ஒரே நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

"தாய் அளவு சொல்லிட்டா! கேட்டுக்கோ கன்னிம்மா!"

"கோவிந்தா! கோவிந்தா!"

மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றிப் பிழிந்தார்கள். மலையேறச் சொன்னார்கள். நான் அண்ணன் மேல் சாய்ந்து, "தண்ணி" என்றேன். இந்த முறை அந்தச் சொல் சரியாக வந்தது.

6

அண்ணன் மகன் அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் ஷெஃபீல்டிலிருந்து போன் வந்துவிட்டது. சுமதிக்கு நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் இல்லை.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"சாமி வந்துச்சு சுமதி."

"பதினெட்டு வருஷமா உங்ககூட குடும்பம் நடத்தறேன். உங்க மேல எந்தச் சாமி வரும்னு எனக்குத் தெரியாதா? நிறுத்திட்டீங்களா, இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. நிலா. வழக்கமான "யா" இல்லை. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அப்பா, அந்த வீடியோல உங்க கண்ணு... அன்னிக்கு கார்ல இருந்த கண்ணு. நான் இங்க இருந்து எப்படி கதவு தட்றது?"

பதினைந்து வருடத்தில் இந்த நாடு என்னிடமிருந்து அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது என்று நான் எத்தனையோ பேரிடம் புலம்பியிருக்கிறேன். அன்று புலம்ப ஒன்றும் இல்லை. அழுதேன். இது எதனால் வந்த அழுகை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கிளினிக்குக்கு போன் போட்டேன். வரிசையில் பதினோராவது ஆளாகக் காத்திருந்து, நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்து, கடைசியில் அங்கே மருந்துகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் கிடைத்தார். நடந்ததில் பாதியைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. இப்படித் திடுதிப்பென்று நிறுத்தினால் இதெல்லாம் வரும், இன்றே ஐம்பதைத் திரும்பத் தொடங்குங்கள், சில நாளில் அடங்கும், அடங்காவிட்டால் அங்கேயே டாக்டரைப் பாருங்கள் என்றார். உயிரை மாய்த்துக்கொள்கிற எண்ணம் எதுவும் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"நெருப்பில் நடக்கலாமா?"

அவர் ஏதோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"பார்பிக்யூவைச் சொல்கிறீர்களா?"

"ஆமாம்" என்றேன்.

"தலைசுற்றல் நிற்கும்வரை பக்கத்தில் போகாதீர்கள்."

இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் தீ மிதிக்கவில்லை. தீமிதி அன்று குண்டத்தின் கடைசியில் கால் நனைக்கிற தண்ணீர்க் குழியோரம் மஞ்சள் நீர்க் குடத்தோடு நின்று, வந்தவர்கள் காலில் ஊற்றினேன். முந்தின நாளே மாத்திரையைப் பற்றி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். "தம்பிக்கு நரம்புக்கு மாத்திர ஓடிக்கினு இருக்குது, டாக்டரு வேணான்னுட்டாரு" என்று அண்ணனே ஊருக்குச் சொல்லிக்கொண்டான். சர்க்கரையைச் சொல்கிற அதே சத்தத்தில் சொன்னான். அண்ணியும் அதன்பிறகு என்னோடு பேசத் தொடங்கினார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சொல்ல வந்ததே அதைத்தான்.

7

சாமி ஆடின மறுநாள் காலை மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கன்னியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். இன்றே தொடங்குங்கள் என்று சொன்ன மாத்திரை, இன்னும் தொடங்கவில்லை. இரவெல்லாம் அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். காப்புக் கயிறு கையில் இருக்கிறதே, இன்னும் மூன்றே நாள்தானே, தாக்குப் பிடித்துவிடலாமே என்று மனம் பேரம் பேசியது. திமிர் அவ்வளவு சீக்கிரம் மலையேறாது.

முதலில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆத்தா பெயரைச் சொல்லி ஏமாற்றினேன் என்கிற பாரத்தோடு இருக்க முடியவில்லை. அதே சமயம், உண்மையைச் சொன்னால் அந்த வாக்கின் பலம் போய்விடுமே, அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு முறை திரும்பி நடந்தேன். இரண்டு முறையும் மறுபடி வந்தேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிடப் போனார்.

"அய்யோ, கும்பிடாதக்கா. உக்காரு. நேத்து வந்தது சாமி இல்ல."

"இன்னா சொல்ற?"

"நானும் நந்தினி மாதிரிதான். மூணு வருஷமா மாத்திர போட்டுகினு கீறேன். இங்க வந்து சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டேன். அதனால வந்த ஒதறல்தான் அது. ஆத்தா வரல. பேசுனது நான்தான்." அட்டையை எடுத்துக் காட்டினேன். "ஆனா சொன்ன சேதி நெசம்க்கா. அத மட்டும் உட்டுடாத."

அக்கா அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கொட்டையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டார்.

"செரி. மாத்திர போடாததாலதான நீ ஆடுன?"

"ஆமா."

"உன்ன அங்கேருந்து வரவெச்சது யாரு? மாத்திரய நிறுத்த வெச்சது யாரு? எம் பொண்ண பத்தி நான் கேக்கறப்போ, அத பத்தி தெரிஞ்சவன் வாயாப் பாத்து அந்த வார்த்தய வர வெச்சது யாரு? அவ வரலன்றியே, நீ யாருடா அத சொல்றதுக்கு?"

அக்கா அடுத்த கொட்டையை எடுத்து உடைத்தார்.

"திங்கக்கெழம விழுப்புரம் போறோம். அளவ மாத்திக் குடுங்கன்னு டாக்டராண்ட கேக்கப் போறேன். ஆத்தா சொல்லிட்டா, அவ்ளோதான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நந்தினி நிலைப்படி வரை வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. பேசி நாளான குரலில் பேசினாள்.

"எனக்கு நேத்தே தெரியும் மாமா."

"இன்னாம்மா தெரியும்?"

"ஹாஸ்டல்ல ஒருவாட்டி நாலு நாள் போடாம உட்டுட்டேன். கண்ண திருப்புனா தல உள்ள வெட்டும். நீங்க பம்பைக்காரங்கள பாக்கறப்போ கண்ண திருப்பாம கழுத்தோட திரும்புனீங்க. நானும் அப்படித்தான் திரும்புனேன்."

அவ்வளவு நேரம் அந்தத் தெருவில் நானூறு ஜோடிக் கண்களாவது என்னைப் பார்த்திருக்கும். செவுத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற ஒரு பெண்ணுக்குத்தான் நான் தெரிந்திருக்கிறேன். ஷெஃபீல்டில் மூன்று வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் "புரிகிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் நல்ல மனிதர்கள். ஆனாலும் அந்தச் சொல்லை யாரும் சொல்லாமலே முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். ஒரு மாத்திரையும் எடுக்கப்படாமல் முழுசாக இருந்தது.

"இன்னிக்குப் போட்டீங்களா?"

நான் காப்புக் கயிற்றைப் பார்த்தேன்.

"எனக்கு நிறுத்தாதன்னு சொன்னீங்க. நீங்க ஏன் மாமா நிறுத்துனீங்க?"

சுத்தம், விரதம், அப்பா, அண்ணன், ஊர் என்ன சொல்லும் என்று எத்தனையோ காரணம் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்துக்கு நேரே அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றும் நேற்று அவள் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்ன காரணமாகவே இருந்தது.

கன்னியம்மா அக்கா எழுந்தார். மடியிலிருந்த தோலை உதறிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் டிவி மேல் இருந்த மருந்துப் பையும் கொண்டுவந்தார். பையை மகளிடம் கொடுத்தார். சொம்பை என்னிடம் நீட்டினார்.

"டாக்டரு சொல்லாம நிறுத்தாதன்னு ஆத்தா சொன்னது இவளுக்கு மட்டுமா? ஊரக் கூட்டி வெச்சுதான சொன்னா? உனக்கும் சேத்துதான். உம், முழுங்கு. என் கண்ணு எதுர்ல முழுங்கு."

"அக்கா, காப்பு..."

"காப்பு காப்பாத்தறதுக்குத்தான்டா."

விழுங்கினேன். நந்தினியும் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, என் கையிலிருந்த சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். கூலி வேலையில் ஏமாந்து பழகிய அக்கா எங்கள் இருவரையும் அவ்வளவு சுலபத்தில் நம்பவில்லை. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

இருவரும் காட்டினோம்.